ஞாயிற்றுக்கிழமைத் தடிப்பு

ஜூன் 5, புதன்

தோல் டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. "உங்க பொண்ணு வாயில போறது எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதுங்கம்மா. உடம்புல என்ன வந்தாலும் அதையும் எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க" என்றார். தீனியில் கலக்கும் ஏதோ ஒரு சாயம் தாரிகாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய கணிப்பு. எந்தச் சாயம், எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அட்டை கோணலாக ஒட்டியதால் கழித்துப்போட்ட டைரி ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

தாரிகாவுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. ஏப்ரலில் அவள் அப்பா வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுக் குச்சி ஐஸில் ஆரம்பித்தது இது. உதடு வீங்கி, தொடையெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. அவர் பெயர் காளிராஜன். சாத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்க்கிறார். நானும் தாரிகாவும் சிவகாசியில் என் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறோம். இரண்டு வருடமாக இப்படித்தான். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை பிள்ளை அவரோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் பேசி வைத்திருக்கிறது.

ஏன் பிரிந்தோம் என்பது டாக்டருக்கு வேண்டாத விஷயம். குடி என்ற ஒரு வார்த்தை போதும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போகிறேன் என்று போன மனுஷன் எங்கோ விழுந்து கிடந்தார். தாரிகா வாட்ச்மேன் பக்கத்தில் ஆறரை மணி வரை உட்கார்ந்திருந்தாள். இப்போது குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சொல்கிறார்.

இதையெல்லாம் டாக்டரிடம் கொடுக்க முடியாது. பிறகு வேறு தாளில் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

காலை: தோசை 2, மல்லிச் சட்னி. பள்ளிக்கு: தயிர்சாதம், கேரட். மாலை 4.30: பொரிகடலை, வெல்லம். எதுவும் வரவில்லை.

வேலை முடிந்து பலசரக்குக் கடைக்குப் போனேன். ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் படித்ததில் கடைக்காரருக்குச் சலிப்பு. "வாங்குறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார். எங்கள் அச்சகத்தில் தின்பண்டப் பாக்கெட்டுகளும் ஓடுகின்றன. பின்பக்கத்துப் பொடி எழுத்தைச் சரிபார்ப்பது என் வேலை. 102, 110, 122, 133. எட்டு வருடமாக இந்த எண்களை எழுத்துப்பிழைக்காக மட்டும் பார்த்திருக்கிறேன். அவை பிள்ளைகள் வயிற்றுக்குள் போகிற சாயங்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஜெல்லி கூடாது. கலர் அப்பளப்பூ கூடாது. கிரீம் பிஸ்கட், பாக்கெட் சேவு, பொடி கரைக்கும் ஜூஸ், கேக்கின் மேல் தூவும் மணி எதுவும் கூடாது. வறுத்த பச்சைப் பட்டாணியில்கூட எண் இருக்கிறது. மிஞ்சியவை: கடலை மிட்டாய், பொரி உருண்டை, வறுகடலை, பேரீச்சை, வாழைப்பழம். எல்லாம் மண் நிறம். தாரிகா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கலரா ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "பரவால்ல" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலை 8: இட்லி 3. ஒன்பதுக்கு அவர் வந்து கூட்டிப்போனார். அங்கே சாப்பிட்டது (தாரிகா சொன்னபடி): சோறு, பருப்பு, அவித்த முட்டை. நாலு மணிக்குக் கடையில் வாங்கிய காராச்சேவு.

5.10 வந்துவிட்டாள். 5.30 வழக்கம்போலச் செரிமான சிரப் ஒரு மூடி. அங்கே போய்வந்தால் கொடுத்துவிடுவேன். என்ன எண்ணெயோ, எப்படிக் கழுவிய பாத்திரமோ.

6.15 கழுத்தில் அரிப்பு. 6.40 முதுகு முழுக்கத் தடிப்பு. டாக்டர் கொடுத்த அரிப்பு மாத்திரை பாதி. எட்டு மணிக்கு வற்றியது.

காராச்சேவு என்பதன் அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

ஜூன் 12, புதன்

வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். ரோஸ் நிறக் கேக். தாரிகாவுக்காக நான் அவல் லட்டு கொடுத்துவிட்டிருந்தேன். மாலையில் அவள் மிஸ் சொன்னார்: "கேக்கு குடுக்கிறப்ப ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னா. யாரும் தொடச் சொல்லிரக் கூடாதுன்னு பயம் போல."

லட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. பசிக்கவில்லையாம். தடிப்பு இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அவர் வாசலிலேயே நின்றார். மேலே வரச் சொல்வதில்லை. சவரம் செய்திருந்தார். வாடை எதுவும் இல்லை.

"போன வாரமும் வந்துச்சாமே பாப்பாவுக்கு?"

"நீங்க வாங்கிக் குடுத்த சேவுதான்."

"எனக்குத் தெரியல மாரி. என்னென்ன கூடாதுன்னு எழுதிக் குடு. அந்த நம்பரையும் எழுது. நான் சட்டைப் பையிலயே வச்சுக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொண்டு மடித்து வைத்தார்.

அங்கே: தயிர்சாதம், வெள்ளரிக்காய், கொய்யாப்பழம். வேறு எதுவும் இல்லை என்கிறாள். 5.15 வந்தாள். 5.30 சிரப். 6.20 தடிப்பு.

தயிர்சாதத்தில் தடிப்பு வராது. அவளை உட்காரவைத்துக் கேட்டேன். "வேற என்ன குடுத்தாக? அம்மாட்ட சொல்லாதேன்னு சொன்னாகளா?" இல்லை என்றாள். இன்னொரு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, "மிட்டாய் குடுத்தாக" என்றாள். என்ன கலர் என்றேன். "உனக்கு என்ன கலர் வேணும்மா?" என்று கேட்டாள்.

மிட்டாய், நிறம் தெரியவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

தினசரிக் காலண்டர் வேலை ஆரம்பித்துவிட்டது. இன்றும் அச்சகம். அண்ணன் மனைவி செண்பகம் மதினிதான் பிள்ளையை வாங்கி வைத்திருந்தார்கள். நான் ஏழரைக்கு வந்தபோது சாப்பிட்டுத் தூங்கியிருந்தாள். சிரப் கொடுக்கவில்லை. விளக்கைப் போட்டு முதுகு, தொடை, கழுத்து எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நான் எழுதிக் கொடுத்த பட்டியல் வேலை செய்திருக்கிறது. ஆக, நினைத்தால் அவரால் ஒழுங்காக இருக்க முடியும்.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். அவரே சுட்ட ரிப்பன் பக்கோடாவாம். சிவப்பாக இருந்தது. உள்ளே ஒரு தாள்:

"பச்சரிசி மாவு 2 டம்ளர். கடலை மாவு 1. மிளகாய் வத்தல் நானே வாங்கிக் காயப்போட்டு அரைத்தது. நிறத்துக்கு பீட்ரூட் சாறு, வேறு இல்லை. பெருங்காயம் போடவில்லை, டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று படிக்க முடியவில்லை. எண்ணெய் செக்கில் நேரில் நின்று வாங்கியது. மூன்று தடவை சுட்டதில் இது சரியாக வந்தது. காளிராஜன்."

கையெழுத்தெல்லாம் போட்டிருந்தார், ஏதோ ரசீது மாதிரி.

அங்கேயே நிறையத் தின்றிருக்கிறாள். எண்ணெய்ப் பலகாரம் என்பதால் சிரப் ஒன்றரை மூடி கொடுத்தேன். ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. இடது கண் மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி. தாரிகா அழவில்லை. "பக்கோடா நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

டப்பாவில் இருந்ததைக் குப்பையில் கொட்டினேன். தாளை வைத்திருக்கிறேன். வக்கீலுக்குத் தேவைப்படலாம்.

ஜூலை 3, புதன்

பிரதி எடுத்ததை டாக்டரிடம் கொடுத்தேன். உணவு, நேரம், தடிப்பு என்று மூன்று பத்தி. சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். ஞாயிறுகளைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டார். "அங்க போற அன்னைக்கு மட்டும்தான் வருது. வேற மருந்து ஏதும் குடுக்கிறீங்களா?"

"நீங்க குடுத்த அரிப்பு மாத்திரைதான் டாக்டர்."

வீட்டுக்கு வந்ததும் தங்கப்பாண்டி அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் படித்தான். "டாக்டர் கைப்பட வட்டம் போட்டுருக்காரு. இது ஒண்ணு போதும். ஞாயித்துக்கெழமைய நிப்பாட்டிரலாம்."

"பிள்ளை உடம்புக்காகத்தான்" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஜூலை 7, ஞாயிறு

அங்கே இட்லி மட்டும். சிரப் 5.30. தடிப்பு 6.25.

ஜூலை 14, ஞாயிறு

மறுபடியும்.

ஜூலை 24, புதன்

கோர்ட். இதற்காகப் போன ஞாயிறு பிள்ளையை அனுப்பவில்லை. எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவர் வராந்தாவில் எங்கள் வக்கீல் அம்மாவிடம் வந்து நின்றார். அவருடைய வக்கீல் வரவில்லை. அந்த மூன்று பத்தித் தாளை வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தார். எனக்கு அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதில் தயாராக வைத்திருந்தேன்.

"இதுல இருக்கிறதெல்லாம் நெசந்தானா மாரி?"

"நான் எதையும் கூட்டி எழுதல."

"நீ எழுத மாட்ட. அது எனக்குத் தெரியும்." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். கடைசி ஞாயித்துக்கெழமை தண்ணியும் இட்லியும்தான் குடுத்தேன். அப்பவும் வந்துருக்கு. எங்கிட்ட வந்தாத்தான் வருதுன்னா எங்கிட்டதான் ஏதோ இருக்கு. பாப்பா உடம்பு சரியாகட்டும். அதுவரைக்கும் நான் வரல."

உள்ளே போயும் அதையே சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பேருந்தில் அண்ணன் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். எனக்குப் பசியில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஒன்பது மணிக்குத் தாரிகா செருப்பு மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது. புதன்கிழமையே சொல்லியிருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தடிப்பு இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

தடிப்பு இல்லை. மதியம் சோறு வேண்டாம் என்றாள். அரை வாழைப்பழம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தடிப்பு இல்லை. வீட்டுச் சாப்பாடுதானே என்று சிரப்பும் எடுப்பதில்லை. நாலாவது வாரம். நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. இதில் சந்தோஷப்பட வேண்டும்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். தாரிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பாவாடையை மட்டும் எடுத்து மடித்தாள்.

"அம்மா, நான் அங்க போயி ஒண்ணுமே சாப்பிட மாட்டேன்."

"எங்க?"

"அப்பாட்ட. காலையில இங்க சாப்பிட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து சாப்பிடுறேன். அங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். அப்ப வராதுல்ல?"

"நாள் பூரா பட்டினியா இருப்பியா?"

"இருந்து பாத்துட்டேன். போன ஞாயித்துக்கெழமை மதியம் சாப்பிடாமத்தான் இருந்தேன். ஒண்ணும் ஆகல."

என்ன பதில் சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை. மாலையில் கடலை மிட்டாய் 2, பால் ஒரு டம்ளர்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாளெல்லாம் அடுப்பு. கேழ்வரகு முறுக்கு உடைந்துபோனது. பசலைக்கீரைச் சாறு சேர்த்த தட்டை பச்சையாக வந்தது, ஆனால் கசப்பு. மஞ்சள் பூசணிக்காயை அவித்துப் பிசைந்து செய்த போளி நன்றாக இருந்தது, நல்ல நிறம். கடைசியாக பீட்ரூட் சாறு விட்டு ரிப்பன் பக்கோடா. செய்முறை ஒரு தாளில் இருந்தது.

முதல் ஈடு முறுகிவிட்டது. இரண்டாவது சப்பென்று இருந்தது. மூன்றாவது சரி.

தாரிகா ஒன்றைக் கடித்து, மென்று, இன்னொன்றை எடுத்தாள். "அப்பா செஞ்ச மாதிரியே இருக்கும்மா."

ரிப்பன் பக்கோடா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தடிப்பு இல்லை. எட்டுத் துண்டு தின்றாள். எனக்கும் ஊட்டினாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். செய்தது ஒத்துக்கொண்டதைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். அதே மாவு, அதே சாறு. ஜூனில் கண் மூடிக்கொண்டதே, இப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? அடுப்படி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. துடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

செப்டம்பர் 16, திங்கள்

நேற்று எழுதவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று மதினியின் தம்பிக்கு விருதுநகரில் கல்யாணம். பந்தியில் தாரிகா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கேசரியை எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டேன், அப்பளமும் வேண்டாம் என்றேன். சோறு, சாம்பார், அவியல், மோர். அவ்வளவுதான் சாப்பிட்டாள். கல்யாணச் சாப்பாடு, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையிலிருந்து சிரப் எடுத்து இரண்டு மூடி கொடுத்தேன். மணி 1.40.

2.10க்கு உதடு வீங்கியது. தடிப்பு கண்ணெதிரே பரவியது. "அம்மா, மூச்சு உள்ள போகல" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடினான். மண்டபத்துக்கு எதிர்ச் சந்திலேயே ஒரு ஆஸ்பத்திரி. அது இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதிக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

ஊசி, மூக்கில் ஆவிக் குழாய். அரை மணி நேரத்தில் மூச்சு சீரானது. அங்கிருந்த நர்ஸம்மா, ஐம்பது வயது இருக்கும், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒவ்வொன்றாக, நேரம் போட்டுச் சொன்னேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்லையா? மருந்து மாத்திரை?"

"செரிக்கிறதுக்கு சிரப் குடுத்தேன். அது சாப்பாடு இல்லையே."

"இருந்தா காட்டுங்க."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பினார். பக்கவாட்டில், லேபிள் மடிப்புக்குக் கீழே, கடைசி வரி. விரல் நகத்தை அங்கே வைத்து என்னிடம் நீட்டினார். நிறம்: சன்செட் யெல்லோ.

நூற்றுப் பத்து. குச்சி ஐஸில் இருக்கும் அதே சாயம். அந்த எழுத்து ஐந்து புள்ளி அளவு. ஐந்து புள்ளி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பேன் என்று அச்சகத்தில் எனக்குப் பெயர். ஆரஞ்சாகத்தான் இருந்தது அந்த மருந்து. ஏப்ரலிலிருந்து என் கையால் மூடியில் ஊற்றியிருக்கிறேன், ஆரஞ்சாக.

இன்று காலை தாரிகாவைக் கூட்டி வந்தபின் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

ஜூன் 9: சிரப், தடிப்பு. ஜூன் 16: சிரப், தடிப்பு. ஜூன் 23: சிரப் இல்லை, தடிப்பு இல்லை. ஜூன் 30: ஒன்றரை மூடி, கண் மூடிக்கொண்டது. ஜூலை 7: சிரப், தடிப்பு. ஜூலை 14: ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறேன், ஆனால் கொடுத்தது நினைவிருக்கிறது.

எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. பிரதி எடுக்கும்போதுதான் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டரிடம் நோட்டையே கொடுத்தேன். ஜூன் மாதப் பக்கங்களைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. "மருந்தைச் சாப்பாடா யாரும் நினைக்கிறதில்லம்மா. நானும் பாட்டிலக் கொண்டாங்கன்னு கேட்டுருக்கணும்" என்றார். ஊன்றிக்கொள்ள ஒரு கைத்தடி கொடுத்த மாதிரி இருந்தது அது. வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

தாரிகாவை மதினியிடம் விட்டுவிட்டுச் சாத்தூர் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவரிடம் விசாரித்தேன். நான் யாரென்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரூம்லதான் இருப்பாப்ல. ஆடி மாசத்துலருந்து வேலைக்கு ஒழுங்கா வர்றதில்ல. ஒண்ணே முக்கா வருசம் தொடாம இருந்த மனுசன்மா. ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா பிள்ளைக்குன்னு அந்த ரூமை டெட்டால் ஊத்திக் கழுவுவாப்ல."

மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. மணி பதினொன்று. அவர் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். வாடை படியிலேயே வந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"பாப்பாவுக்கு என்னாச்சு?"

"நல்லாருக்கா."

"வேற எதுக்கு நீ வரப்போற? சொல்லு, என்னாச்சு?"

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிரப், மூடி, நூற்றுப் பத்து, கல்யாண மண்டபம், நர்ஸம்மாவின் நகம். தேதி தேதியாகச் சொன்னேன். அவர் பாதியில் நிறுத்தவில்லை. புரிகிறதா என்றே தெரியவில்லை. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை.

"அப்ப பக்கோடா?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. உங்க செய்முறையப் பாத்து நானும் சுட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் பார்க்கவில்லை, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இனிமே பழையபடி ஞாயித்துக்கெழமை வாங்க. கோர்ட்டுல நானே சொல்லிர்றேன்."

"எப்படி வர?" என்றார். "இப்படியேவா? பாப்பாவ ஸ்கூல் வாசல்ல உக்கார வச்ச ஆளு நான். மறுபடி அப்படி ஆயிட்டேன் மாரி. நீ அன்னைக்குச் சொன்னது பொய்யின்னாலும் இன்னைக்கு நெசமாயிருச்சு. அனுப்பாத. நான் சொல்றப்ப அனுப்பு."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்டேனா என்று நினைவில்லை. தம்ளரில் தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 23, திங்கள்

பள்ளி விட்டு வந்ததும் தாரிகாவிடம் சொன்னேன். அவித்த சீனிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தடிச்சது அப்பா குடுத்ததுனால இல்ல பாப்பா. அம்மா குடுத்த ஆரஞ்சு மருந்துனால."

மெல்லுவதை நிறுத்தினாள். "அப்ப அப்பா மேல தப்பு இல்லையா?"

"இல்ல."

"நான் மிட்டாய்னு சொன்னது பொய்யிம்மா. அதுனாலதான் அப்பா வரலையா?"

"இல்ல தங்கம். அது உன் தப்பு இல்ல. நான் கேட்டுக் கேட்டுச் சொல்ல வச்சது. தப்பு அம்மா மேலதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். மிச்சக் கிழங்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கீழே மதினியிடம் போய்விட்டாள். இருட்டுவதற்கு முன்னால் வந்தாள். என்னோடு பேசினாள். வீட்டுப்பாடம் பற்றி மட்டும்.

அக்டோபர் 9, புதன்

சிரப் விஷயத்தை வக்கீல் அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

மதியம் அவரிடமிருந்து போன். மதுரையில் குடியை நிறுத்தும் இடத்தில் சேர்ந்திருக்கிறாராம். தானாகவே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். முதல் மூன்று வாரம் யாரும் பார்க்கக் கூடாது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கலாம். "பாப்பாவுக்கு இஷ்டம்னா" என்றார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பூசணிக்காய் போளி, வெள்ளை அதிரசம், ரிப்பன் பக்கோடா. தடிப்பு இல்லை. தாரிகா மத்தாப்புக்கூட வேண்டாம் என்றுவிட்டாள்.

நவம்பர் 3, ஞாயிறு

மதுரை. பேருந்தில் தாரிகா சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பலகாரப் பையை வாசல் மேசையிலேயே வைத்தேன்.

நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். அவர் மெலிந்திருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது, மறைத்துக்கொள்ள இரண்டு கையாலும் பிடித்தார். தாரிகா நாலடி தள்ளி நின்று பார்த்தாள். மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் தள்ளிவிடவில்லை. அவளாகப் போய் எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இங்க சாப்பாடு எப்படிப்பா?"

"நல்லாருக்கு பாப்பா."

"உங்களுக்கு இங்க என்ன கூடாது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கூடாது" என்றார்.

"எனக்கும் ஒண்ணுதான். ஆரஞ்சு கலர்." கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் சாப்பிடுறப்ப நம்ம மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும்ல?"

"ஆமா."

"கஷ்டமா இருக்காப்பா?"

"இருக்கு பாப்பா."

தாரிகா நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள். நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையை இப்படிப் பின்னால கட்டிக்கங்க. யாராவது நீட்டுனாலும் எடுக்காதீங்க. மொதல்ல அழுகையா வரும். வீட்டுக்கு வந்து அழுதுக்கலாம். அப்புறம் பழகிரும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அங்கே நிற்கத் தேவை இருக்கவில்லை. வாசலுக்கு வந்து, குனிந்து, செருப்பைத் தேடினேன். அது காலிலேயே இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.